பிள்ளையின் கையை விடாதீர்!

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுவதில்லை. முதலில் திங்கட்கிழமைதோறும் வரமாட்டான். பிறகு கணக்கு வகுப்பு வரும்போதெல்லாம் அவனுக்குத் தலைவலி வரும். முன் பெஞ்சில் இருந்தவன் பின் பெஞ்சுக்குப் போவான். கேட்ட கேள்விக்கு வாய் திறக்கமாட்டான். அல்லது எடுத்தெறிந்து பேசிவிட்டு வகுப்புக்கு வெளியே நிற்பான். கதிரறுப்புக் காலத்தில் பத்து நாள் வயலுக்குப் போவான். திரும்பி வந்து பார்த்தால் பாடம் அவனைத் தாண்டி எங்கோ போயிருக்கும். கடைசியில் ஒருநாள், யாரோ தெரிந்தவர் கூட்டிப்போவதாகச் சொன்னார் என்று, திருப்பூர் பஸ்ஸில் ஏறிவிடுவான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர்மீது ஒரு கோடு விழும். அவ்வளவுதான்!

அவனை வெளியே தள்ளியது யார்? ஆசிரியரா? நிரப்பப்படாத இடங்களின் வேலையையும் சேர்த்துச் சுமக்கிறவர் அவர். தகப்பனாரா? வேலையில்லாத நாளில் அடுப்பெரிய வழி தேடுகிறவர் அவர். பையனேவா? பதினாலு வயதுச் சிறுவன்மீது பழியைப் போட்டுவிட்டு நகர்வதைவிடக் கோழைத்தனம் வேறில்லை. யாரும் தள்ளவில்லை என்பார்கள். உண்மை. யாரும் பிடித்து நிறுத்தவும் இல்லை என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மையைப் பற்றித்தான் நாம் இன்று எழுதுகிறோம்.

தேவகோட்டையைப் பாருங்கள். செட்டிநாட்டில் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் காரைக்குடியில் 1947இல் அழகப்பா கல்லூரி தோன்றியது. 1953இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் திறக்கப்பட்டது. 1985இல் பல்கலைக் கழகமே வந்துவிட்டது. இவற்றைக் குறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. ஆனால் கண்ணங்குடியிலும் சருகணியிலும் புளியாலிலும், கண்மாய்த் தண்ணீரை நம்பி ஒருபோகம் விளைவிக்கும் கிராமங்களில், விவசாயத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பல்கலைக் கழகத்தின் தூரம் கிலோமீட்டரில் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் இருக்கிறது. அதைத் தாண்டாதவனுக்கு இருபது கிலோமீட்டரும் இருநூறு கிலோமீட்டரும் ஒன்றுதான்.

மில் தொழிலாளியின் வீட்டிலும் இதே கதைதான். காளையார்கோயிலில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் காளீஸ்வரா மில் 2020 மார்ச்சில் ஊரடங்கோடு நின்றது. அந்தக் கழகத்தின் மற்ற மில்களும் அப்போதே நின்றன. ஒரு மில் நின்றால் சம்பளம் மட்டும் நிற்பதில்லை. அந்த வீட்டு மூத்த பிள்ளையின் படிப்பும் ஆட்டம் காண்கிறது. ‘நீ ஒரு வருஷம் வேலைக்குப் போ, அப்புறம் படிக்கலாம்’ என்ற பேச்சு எழுகிறது. அந்த ‘அப்புறம்’ எத்தனை வீடுகளில் வந்தது? நம் வாசகர்களே சொல்லட்டும்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். சட்டத்தையே புரட்டிப் பார்ப்போம். 2002இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அந்த உரிமை 6 வயது முதல் 14 வயது வரைதான். எட்டாம் வகுப்போடு அது முடிந்துவிடுகிறது. மறுபக்கத்தில், 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. அதிலும் குடும்பத் தொழிலுக்கு விலக்கு உண்டு. 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்குச் சுரங்கம், வெடிமருந்து, அபாயகரமான தொழில்கள் ஆகியவற்றில் மட்டுமே தடை. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! 14 வயது நிறைந்த மறுநாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் விலகுகிறது. பட்டறையின் கதவு திறந்துகொள்கிறது.

1953இல் ராஜாஜி மந்திரிசபை பாதி நேரம் பள்ளிக்கூடம், பாதி நேரம் தகப்பன் தொழில் என்றொரு திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடே கொதித்தெழுந்தது. 1954இல் அது கைவிடப்பட்டது. சட்டத்தின் வாசல் வழியாக விரட்டப்பட்ட அந்தத் திட்டம் இன்று வறுமையின் சன்னல் வழியாக உள்ளே வருகிறது. ஒரு வித்தியாசந்தான்: அன்று பாதி நேரமாவது பள்ளிக்கூடம் இருந்தது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை சம்பளமில்லாமல் படிக்கலாம், பஸ் பாஸ் உண்டு, புத்தகம் உண்டு, பதினோராம் வகுப்பில் சைக்கிள் உண்டு. இவை ஜனங்கள் போராடியும் கேட்டும் பெற்றவை. ஆனால் பாதியில் நின்றவனுக்கு இவற்றில் எது உதவும்?

அவன் இழப்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுவோம். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு ஐ.டி.ஐ.யில் சில தொழில்களே கிடைக்கும். பிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன் ஆக வேண்டுமானால் பத்தாவது தேற வேண்டும். சர்க்கார் பஸ்ஸில் டிரைவர்-கண்டக்டர் வேலைக்கு மனுப்போடவும் பத்தாவது வேண்டும். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் தகுதித் தேர்வில் தேறிய ஏழைப் பிள்ளைக்கு, ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு ரூ. 12,000 உதவித்தொகை உண்டு. படிப்பை நிறுத்தினால் அதுவும் போயிற்று. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ரூ. 1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் நின்ற பிள்ளைக்கு இந்த ஆயிரம் ரூபாய் கண்ணால் காணாத காசு.

பெண் பிள்ளைகளுக்கு நேரும் அபாயம் இன்னும் பெரிது. சுமங்கலித் திட்டம் என்ற மங்களகரமான பெயரில், மூன்று வருஷம் மில் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் கலியாணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டிய கொடுமையை நம் மில் தொழிலாளர் மறக்கமாட்டார்கள். தரகர்கள் தேடி வந்தது படித்துக்கொண்டிருந்த பெண்ணையல்ல. பள்ளியை விட்டு வீட்டில் உட்கார்ந்த பெண்ணைத்தான்.

அப்படியானால் பிடித்து நிறுத்த வேண்டிய கை எது? நம் கைதான் என்கிறோம் நாம். மில் தொழிலாளியின் கை. பஸ் பணிமனையில் ஸ்பானர் பிடிக்கும் கை. மின்கம்பத்தில் ஏறும் கை. தபால் பட்டுவாடா செய்யும் கை. நாற்று நடும் தாயின் கை.

இது புதுமையான யோசனை அல்ல. மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன சிராவயலை இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. அங்கேதான் தோழர் ஜீவா, இருபது வயது வாலிபராக, ஆசிரமம் அமைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1927இல் செட்டிநாட்டுக்கு வந்த காந்திஜி அவரை அங்கே சந்தித்தார். பின்னாளில் ஆயிரமாயிரம் தொழிலாளர் கூட்டங்களில் முழங்கிய அந்தக் குரல், நம் ஜில்லாவில் முதலில் ஒலித்தது பிள்ளைகளின் நடுவேதான்.

அடுத்த ஜில்லாவான புதுக்கோட்டையில் 1991-92இல் அறிவொளி இயக்கம் நடந்தது. சம்பளம் வாங்காத தொண்டர்கள் கல்லுடைக்கும் பெண்களுக்கும் வயல்வேலைப் பெண்களுக்கும் எழுத்தறிவித்தார்கள். அந்தப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கியது. கொரோனாவால் பாடம் இழந்த பிள்ளைகளுக்கு, சுமார் இரண்டு லட்சம் தொண்டர்கள் மாலைநேரத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் கவனியுங்கள்: அதுவும் முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைதான். சட்டம் நின்ற இடத்திலேயே திட்டமும் நின்றது!

தேவகோட்டை நகரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அரசு உதவி பெறும் சேர்மன் மாணிக்கவாசகம் நடுநிலைப் பள்ளி, தன் பிள்ளைகளை வங்கிக்கும் அஞ்சலகத்துக்கும் கல்லூரிக்கும் கூட்டிப்போய்க் காட்டிவருகிறது. பல வேலைகளில் இருப்பவர்களைப் பள்ளிக்கு வரவழைத்துப் பிள்ளைகளோடு பேசவைக்கிறது. கவுண்டருக்கு அந்தப்புறம் இருப்பவரும் தன்னைப்போல் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான் என்று பிள்ளைக்குத் தெரிவது சின்ன விஷயமல்ல. ஆனால் நடுநிலைப் பள்ளி என்றால் எட்டாவது வரை. அங்கே ஊன்றிய விதைக்கு ஒன்பதாம் வகுப்பில் தண்ணீர் ஊற்றப் போவது யார்?

இப்படித் துணை நிற்பதால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் 1904 முதலே பெரியவர் ஒருவர், பிள்ளை ஒருவர் என்று இணைத்துவிடும் தொண்டு ஸ்தாபனம் நடந்து வருகிறது. 10 முதல் 16 வயது வரை உள்ள சுமார் ஆயிரம் பிள்ளைகளை வைத்து நடத்திய ஆராய்ச்சி ஒன்று 1995இல் வெளியாயிற்று. துணை கிடைக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டால், துணை கிடைத்த பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்கள் ஏறக்குறைய பாதிதான். அதே விவரங்களை மறுபடி அலசி 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னொன்றையும் சொல்லிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்த துணையால்தான் அதிகப் பலன். மூன்று மாதத்துக்குள் விட்டுப்போன துணையால் பிள்ளைக்கு நன்மையில்லை. தன்னைப் பற்றிய மதிப்பே குறைந்துபோயிற்று.

தோழர்களே, இந்தக் கடைசி விஷயத்தை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே பலரால் கைவிடப்பட்ட பிள்ளையிடம் போய், ‘நானிருக்கிறேன்’ என்று சொல்லி, இரண்டு மாதத்தில் நாமும் காணாமல் போனால், அதைவிடப் போகாமலிருப்பதே மேல். பெரிய கம்பெனிகள் சமூகப் பொறுப்பு என்று சொல்லி, வருஷத்தில் ஒருநாள் பனியன் மாட்டிக்கொண்டு வந்து, பிள்ளைகளுக்குப் பேனா கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போவதுண்டு. அந்த ஒருநாள் கூத்து நமக்கு வேண்டாம்.

நாம் சொல்லும் வேலை எளிமையானது. ஆனால் விடாப்பிடி வேண்டும்.

முதலாவது, ஆசிரியரிடம் போங்கள். எந்தப் பிள்ளை நழுவிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மூன்று அடையாளங்கள் உண்டு: வருகை குறைவது, நடத்தை மாறுவது, பாடத்தில் தொடர்ந்து தோற்பது. ஒரு தொழிலாளிக்கு ஒரு பிள்ளை. மிஞ்சினால் இரண்டு பிள்ளை. அதற்குமேல் வேண்டாம்.

இரண்டாவது, வாரம் ஒரு மணி நேரம், ஒரு முழு வருஷம். ஷிப்ட் மாறினால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள், வாரத்தை விடாதீர்கள். வர முடியாத வாரத்தில் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். சொன்ன நேரத்துக்கு வரும் ஒரு பெரியவரைப் பார்ப்பதே அந்தப் பிள்ளைக்கு முதல் பாடம்.

மூன்றாவது, தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிந்து, அவர்கள் சம்மதத்தோடு, பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ நாலுபேர் பார்க்கும் இடத்தில் சந்தியுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண் தோழர்களே துணை நிற்கட்டும். பிள்ளைகளின் பாதுகாப்பு விஷயத்தில் தாட்சண்யம் கூடாது. நம் தோழர் என்பதற்காகவும் கூடாது.

நான்காவது, உபதேசம் வேண்டாம். ‘நான் உன் வயதில்’ என்று தொடங்கும் பிரசங்கத்தை அவன் வீட்டிலேயே கேட்டு அலுத்திருப்பான். அவனைப் பேசவிடுங்கள். ஏன் திங்கட்கிழமை வருவதில்லை என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் இரவெல்லாம் பாத்திரம் கழுவினேன் என்று பதில் வரலாம். அந்தப் பதிலைக் கேட்க அதுவரை ஓர் ஆள் இருந்ததில்லை என்பதுதான் வியாதியின் வேர்.

ஐந்தாவது, உங்கள் தொழிலைக் காட்டுங்கள். ‘எனக்கென்ன தெரியும்? நானே அரைகுறைப் படிப்பு’ என்று தயங்கும் தோழர்களுக்கு இதைச் சொல்கிறோம். நூற்பு மில்லில் நாற்பதாம் நம்பர் நூல் என்றால் என்ன? 840 கஜம் கொண்ட சிட்டங்கள் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதுதானே? ஆக ஒரு பவுண்டு நூலின் நீளம் 33,600 கஜம். நம்பர் கூடக்கூட நூல் ஏன் மெலிகிறது என்று பையனைக் கேளுங்கள். விகிதக் கணக்கு கரும்பலகையை விட்டு இறங்கி அவன் விரலில் நூலாகச் சுற்றிக்கொள்ளும். 100 வாட் பல்பு பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் என்று மின்சார ஊழியர் சொல்லட்டும். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 436 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர். இன்று நட்டது எத்தனை சென்ட், கொடுத்த கூலி எவ்வளவு, சென்டுக்கு என்ன விழுந்தது என்று நடவுக்குப் போகும் தாய் கேட்கட்டும். அது கணக்குப் பாடம் மட்டுமா? கூலிப் போராட்டத்தின் அரிச்சுவடியும் அல்லவா?

ஆறாவது, வழி தெரிந்துகொண்டு வழி சொல்லுங்கள். உதவித்தொகைக்கு மனு எப்போது, எந்தச் சான்றிதழ் எந்த ஆபீசில், பத்தாவதில் ஒரு பாடம் போனால் அதே ஆண்டுத் துணைத் தேர்வில் எழுதலாம், பிள்ளையை யாராவது சட்டவிரோதமாக வேலைக்கு வைத்தால் 1098க்குப் போன் செய்யலாம்: இந்த விவரங்கள் தெரியாமலே எத்தனையோ குடும்பங்கள் பிள்ளையின் படிப்பை முடித்துக்கொள்கின்றன. தாசில்தார் ஆபீசுக்கு ஒருமுறை கூடப் போவது பத்து உபதேசங்களுக்குச் சமம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ‘சர்க்கார் செய்ய வேண்டிய வேலையை நாம் செய்தால், சர்க்கார் தப்பித்துக்கொள்ளாதா? காலி இடத்துக்கு வாத்தியார் போடாமல், தொண்டர்களை வைத்தே ஒப்பேற்றமாட்டார்களா?’ என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நம் பதில் தெளிவானது. தொண்டர் ஆசிரியருக்குப் பதிலல்ல. ஆசிரியர் இடத்தில் அவரை உட்கார வைக்க எவர் முயன்றாலும் அதை எதிர்ப்பதில் நாம் முன்னணியில் நிற்போம். ஆனால் கோரிக்கை நிறைவேறும்வரை பிள்ளை காத்திருக்கமாட்டான். அவனுக்கு ஒன்பதாம் வகுப்பு இந்த வருஷந்தான். வேலைநிறுத்தக் காலத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கஞ்சித்தொட்டி திறக்கிறோமே, அதனால் சம்பளக் கோரிக்கையைக் கைவிட்டோம் என்று அர்த்தமா? பசியைத் தாங்கினால்தான் போராட்டம் நீடிக்கும். இதுவும் அப்படித்தான்.

இன்னும் சொல்வோம். ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போகும் தொழிலாளி, அங்கே எந்த வகுப்புக்கு வாத்தியார் இல்லை, எந்தக் கழிப்பறைக்குக் கதவில்லை, எந்த ஊருக்குச் சாயங்காலப் பஸ் இல்லை என்பதைக் கண்ணால் பார்ப்பார். பார்த்தவர் சும்மா இருக்கமாட்டார். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. அந்த இடத்தில் நம் தாய்மார்கள் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பலவீனமான பிள்ளையை ஒன்பதிலேயே கழித்துக்கட்டும் வழக்கம் எங்கே இருந்தாலும், அதைத் தட்டிக்கேட்கும் தைரியம் அப்போது வரும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. கல்வி உரிமையை 18 வயதுவரை, பன்னிரண்டாம் வகுப்புவரை சட்டமாக நீட்ட வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளில் காலியாக உள்ள ஆசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளைகளை ஆலையிலும் பட்டறையிலும் வைத்துச் சுரண்டுவதைத் தடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் துணை நிற்க முன்வரும் தொழிலாளிக்கு, வாரம் ஒரு மணி நேரத்தைச் சம்பளத்தோடு கூடிய நேரமாக நிர்வாகங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விவசாயத் தொழிலாளிக்கு நியாயமான கூலியும் மில் தொழிலாளிக்கு நிரந்தர வேலையும் வேண்டும். தகப்பனின் கூலி போதாத வீட்டில் மகனின் படிப்பு எப்போதும் அந்தரத்தில்தான் தொங்கும்.

கோரிக்கை ஒரு கை. தொண்டு மறு கை. இரண்டும் சேர்ந்தால்தான் ஓசை.

தேவகோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சங்கத் தோழர்களுக்கு நம் வேண்டுகோள் இது. அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விஷயமாகச் சேருங்கள். பத்துப்பேர் வேண்டாம், மூன்றுபேர் எழுந்து நின்றால் போதும். மறுநாளே அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் இன்னும் கோடு விழாத, ஆனால் விழப்போகிற மூன்று பெயர்களைக் கேளுங்கள்.

நம்மில் பலர் அந்தப் பதிவேட்டில் கோடு விழுந்தவர்கள்தாம். அன்று யாராவது ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்று, ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டிருந்தால் என்னவாகியிருப்போம் என்று நினைத்துப் பார்க்காத தொழிலாளி உண்டா? நமக்கு வராத அந்த ஆள், நம் பிள்ளைகளுக்கு வரட்டும். அந்த ஆள் நாமாக இருப்போம்!